தொகுதி இல்லாத உறுப்பினர்

காலை ஏழரை மணிக்கே அந்த எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில் நாற்பது பேருக்குக் குறையாமல் கூடிவிட்டார்கள். காவிரிக்கரைப் பக்கத்துத் தொகுதி. பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் சிலர் வேப்பமரத்தடித் திண்டில், சிலர் நிறுத்தியிருந்த பைக்குகளின் மேல். எல்லார் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார் நகல், ஏற்கெனவே கொடுத்த மனுக்களின் ரசீதுகள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். கவரைப் பிரித்து ஒவ்வொரு தாளாக என் கையில் கொடுத்தார். நத்தம் நிலத்தில் ஓர் ஓட்டு வீடு, அதற்குப் பட்டா வேண்டும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ், கலெக்டரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டம் என்று எல்லா இடத்து முத்திரையும் அந்தத் தாள்களில் இருந்தது. மடிப்பில் கிழிந்த இடங்களில் செலோடேப் ஒட்டியிருந்தார்.

“நான் வாக்கப்பட்டு வந்த வீடு கண்ணு. மாமியாரு கண்ண மூடுற வரைக்கும் இதையேதான் கேட்டுச்சு. பட்டா வந்துச்சாடி, பட்டா வந்துச்சாடின்னு.”

ஒன்பது மணிக்கு உறுப்பினர் வந்தார். வந்தவர் நேராக அறைக்குப் போகவில்லை. வாசலிலேயே நின்று ஒவ்வொரு மனுவாக வாங்கினார். “என்னம்மா, கால் வலி தேவலையா?” என்று ஒருவரிடம், “பையனுக்கு சீட்டு கிடைச்சுதாண்ணே?” என்று இன்னொருவரிடம் கேட்டார். உதவியாளர் லெட்டர்பேடில் தட்டச்சு செய்து நீட்ட நீட்ட, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி வண்டி, மருத்துவமனைப் படுக்கை, தெருவிளக்கு, பட்டா. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த ஒரு கையெழுத்து இல்லாமல் எந்த ஆபீஸ் வாசற்படியையும் ஏற முடியாத மக்கள் இந்த மாநிலத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் திண்டில் உட்கார்ந்திருந்தபோது மனத்தை உறுத்திய கேள்வி வேறு. இந்த மனுக்களில் பாதி, தலைமுறைக்குத் தலைமுறை அதே வாசகத்தோடு வருகின்றன. மாமியார் கேட்ட பட்டாவை மருமகள் கேட்கிறார். ஒரே மனு ஆயிரம் வீட்டிலிருந்து வருகிறதென்றால், கோளாறு மனு கொடுக்கிறவரிடம் இல்லை, விதியில் இருக்கிறது. அந்த விதியை மாற்றும் அதிகாரம் தமிழ்நாட்டில் 234 பேருக்கு இருக்கிறது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாயில் எத்தனை பயணியர் நிழற்குடை கட்டினார், எத்தனை சிமென்ட் சாலை போட்டார் என்று நம் உறுப்பினரை அளக்கிறோம். அவர் பேரவையில் எந்தச் சட்டத்துக்கு என்ன பேசினார், எந்தத் திருத்தம் கொண்டுவந்தார் என்று எந்தத் தேர்தலில் கேட்டிருக்கிறோம்?

வாசலில் வந்து நின்றவரின் மனுவை எடுத்துக்கொண்டுபோய்ச் சட்டத்தின் ஒரு பிரிவாக மாற்றிய உறுப்பினர் ஒருவர் நமக்கு இருந்தார். அவருக்குத் தொகுதியே கிடையாது.

நியமன நாற்காலி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், கோயில் ஊழியத்துக்குப் பெண்களை நேர்ந்துவிடும் மரபுள்ள குலத்தில் பிறந்தவர். அந்தத் திருமணத்துக்காகத் தந்தையை அவரது உறவினர்கள் தள்ளிவைத்தார்கள். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மகளைச் சேர்க்க எதிர்ப்பு வந்தபோது, புதுக்கோட்டை மன்னர் அனுமதித்ததால்தான் படிப்பு நடந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை வைத்து மணந்தார்.

சென்னை மாகாணப் பெண்களுக்கு 1921இலேயே வாக்குரிமை வந்துவிட்டது. இந்தியாவின் பிரிட்டிஷ் மாகாணங்களில் இதுதான் முதல். ஆனால் சொத்தும் வரியும் இருந்தால்தான் வாக்கு. பெயரில் காணி நிலம் இல்லாத பெண்ணுக்கு அந்த உரிமையால் என்ன பயன்? சட்டமன்றத்தில் உட்காரும் தகுதி பெண்களுக்கு 1926இல்தான் கிடைத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் துணிந்து நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய சொற்ப வாக்குகளில் தோற்றார். ஆக, தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களில் ஒரு பெண்கூட இல்லை. இந்திய மாதர் சங்கம் வலியுறுத்தியதன் பேரில் அரசு முத்துலட்சுமியை நியமன உறுப்பினராக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அதற்கும் முன்பே, 1922இல், மேரி புன்னன் லூக்கோஸ் நியமிக்கப்பட்டிருந்தார். இருவருமே மருத்துவர்கள் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. பிரசவ அறையில் நின்றவர்களுக்குத்தான் சட்டத்தின் ஓட்டைகள் முதலில் கண்ணில் பட்டிருக்கின்றன.

மருத்துவத் தொழில் கெட்டுவிடுமே என்று முதலில் தயங்கியவர், 1927இல் கோட்டைக்குள் நுழைந்த கையோடு சபையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்வானார். ஓட்டுப் போட்டு அனுப்பிய ஊர் என்று ஒன்று இல்லாததால், மாகாணம் முழுதும் உள்ள பெண்களையும் குழந்தைகளையும் தன் தொகுதியாக எடுத்துக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண்களுக்கு எட்டாம் வகுப்பு வரை கட்டணச் சலுகை, ஆதிதிராவிடச் சிறுமிகளுக்கு உதவித்தொகை, முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி, மருத்துவமனையில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திருமண வயதை ஆணுக்கு 21, பெண்ணுக்கு 16 ஆக்க வேண்டும் என்று 1928இல் சென்னை சபையில் வாதாடினார். அடுத்த ஆண்டு மத்திய சட்டசபையில் நிறைவேறிய சாரதா சட்டம் 18, 14 என்ற அளவில்தான் நின்றது. அவர் கேட்ட வயதுக்கு நாடு வந்துசேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

ஒரு துண்டு நிலத்தின் கதை

முத்துலட்சுமி போராடிய பொட்டுக்கட்டு ஒழிப்பு என்றதும் ஆவேசமான மேடைப் பேச்சுகளும் சூடான பதிலடிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு அந்த வரலாற்றில் மிக முக்கியமாகப் படுவது யாரும் அதிகம் பேசாத ஒரு சட்டத் திருத்தம். அது நிலத்தைப் பற்றியது.

பொட்டுக்கட்டு என்பது, விவரம் தெரியாத வயதில் ஒரு சிறுமிக்குக் கோயிலில் தெய்வத்தின் பெயரால் தாலி கட்டி, ஆயுள் முழுதும் அந்த ஊழியத்துக்கு நேர்ந்துவிடுவது. அதற்குப் பிறகு அவளுக்குச் சட்டப்படி கல்யாணம் கிடையாது. ஊர்ப் பெரிய மனிதர் யாராவது ஒருவரின் தயவில்தான் வாழ்க்கை. சிறுமிகளை விபசாரத்துக்கு ஒப்படைப்பதைத் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவுகள் இருந்தன. ஆனால் நோக்கம் அதுதான் என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். கோயிலில் மந்திரம் ஓதிச் செய்த ஒரு சடங்கின் நோக்கத்தை யார் சாட்சி சொல்லி நிரூபிப்பது? மைசூர் சமஸ்தானம் 1909இலேயே தன் கோயில்களில் இந்த ஊழியத்தை நிறுத்திவிட்டது. சென்னை மாகாணத்தில் பேச்சு மட்டும் தொடர்ந்தது.

இங்கேதான் முத்துலட்சுமி வேரைத் தேடிப் போனார். ஒரு தாய் தன் மகளுக்கு ஏன் பொட்டுக் கட்டுகிறாள்? பக்தி, வழக்கம், உறவினர் நெருக்குதல் எல்லாம் உண்டு. அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கணக்கு இருந்தது. கோயிலில் ஆடுவதற்கும் விளக்கெடுப்பதற்கும் சம்பளமாக அந்தக் குடும்பத்துக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. ஊழியம் நடக்கும்வரை நிலம் குடும்பத்திடம். தாய்க்கு வயதாகும்போது மகளோ வளர்ப்பு மகளோ பொட்டுக் கட்டிக்கொண்டு அந்த ஊழியத்தை ஏற்காவிட்டால் நிலம் கையை விட்டுப் போகும். அதாவது, “என் பெண்ணைப் படிக்க வைக்கிறேன், கல்யாணம் செய்து கொடுக்கிறேன்” என்று ஒரு தாய் முடிவெடுத்தால், மறு போகம் சாப்பாட்டுக்கு வழி இருக்காது. பிள்ளையா, நிலமா என்று அந்த வீட்டுப் பெண்களை நிற்க வைத்திருந்தது ஒரு வருவாய் விதி.

1927 நவம்பரில் பொட்டுக்கட்டைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் சபையில் நிறைவேறியது. தீர்மானம் என்பது அரசுக்கு ஒரு வேண்டுகோள்தான். அது கோப்பில் தூங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். எனவே இந்து அறநிலையச் சட்டத்திலேயே கை வைத்தார். அவர் கொண்டுவந்த திருத்தம் 1929இல் சட்டமானது. அதன் சாரம் மிக எளியது. மானிய நிலம் வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த நிலம் ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவிக்கப்படும். ஒரு தொகையைக் கட்டிவந்தால் போதும், நிலம் அவளிடமே இருக்கும். இனி கோயிலுக்கு ஊழியம் செய்தாக வேண்டும் என்று அவளையோ அவள் மகளையோ யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

எந்தப் பெண்ணையும் இந்தச் சட்டம் குற்றவாளி ஆக்கவில்லை. யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. ஒழுக்க போதனை ஒரு வரிகூட இல்லை. பூட்டு எது என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் சாவியைச் செய்தது. நிலத்தை அவள் பெயருக்கே ஆக்கிவிட்டால், மகளைப் பள்ளிக்கு அனுப்பும் முடிவைத் தாயே எடுப்பாள் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது. நூறாண்டு நெருங்கும் இந்தச் சமயத்திலும், நலத்திட்டம் எழுதுகிற ஒவ்வோர் அதிகாரியும் ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு முறை எடுத்துப் படிக்க வேண்டிய திருத்தம் அது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சத்தியமூர்த்தியைப் போன்ற காங்கிரஸ் பெருந்தலைகள் பொட்டுக்கட்டுத் தடையை எதிர்த்தார்கள். கலை அழியும், சமயத்தில் அரசு தலையிடுகிறது என்றார்கள். காந்தி முத்துலட்சுமியை ஆதரித்து எழுதினார். பெரியாரின் சுயமரியாதை இயக்கம் முழு மூச்சாகப் பின்னால் நின்றது. பொட்டுக் கட்டும் தேவதாசிக் குலத்திலேயே பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் மேடை போட்டுப் பேசினார்.

இன்னொரு எதிர்ப்பையும் மறைக்காமல் பேச வேண்டும். சென்னையின் தேவதாசிகள் சங்கமாகக் கூடி அரசுக்கு மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாளைப் போன்ற பெரும் கலைஞர்களும் அந்த அணியில் இருந்தார்கள். எங்களையெல்லாம் விலைமாதர் என்று ஒரே வார்த்தையில் சொல்லாதீர்கள், எங்களுக்குக் கல்வி கொடுங்கள், கலையை மீட்க வழி செய்யுங்கள் என்பது அவர்கள் வாதம். முத்துலட்சுமி அதற்கு இளகவில்லை. தன் தாய் பிறந்த குலத்தின் வலியை வீட்டுக்குள்ளேயே கண்டு வளர்ந்தவருக்கு, நோயாளிச் சிறுமிகளைத் தொட்டுப் பார்த்த மருத்துவருக்கு, பொறுமை இல்லாமல் போனது புரிகிறது. ஆனாலும் அந்தப் பெண்களின் மனு காது கொடுத்துக் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். பின்னாளில் சதிர் என்ற அவர்களின் ஆட்டம் பரதநாட்டியமாகி, வேறு வீட்டுப் பெண்கள் மேடையேறி மாலை மரியாதை பெற்றபோது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களின் பெண்கள் பலர் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அந்த இழப்புக்கு முத்துலட்சுமி ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் அது நடந்தது.

கதவைத் தட்டிய மூவர்

1930இல், பொட்டுக்கட்டையே முற்றாகத் தடைசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். மக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. அந்தச் சமயத்தில் உப்புச் சத்தியாகிரகம் மூண்டது. மே மாதம் காந்தி கைது செய்யப்பட்டார். கைதைக் கண்டித்து முத்துலட்சுமி சபையிலிருந்து விலகினார். மசோதா அப்படியே நின்றுபோனது.

கொஞ்சம் பொறுத்திருந்து மசோதாவை நிறைவேற்றிவிட்டு விலகியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆனால் நியமன நாற்காலி என்பதே பிரிட்டிஷ் அரசு கொடுத்ததுதான். அதில் உட்கார்ந்துகொண்டு அந்த அரசின் அடக்குமுறைக்கு மௌனமாக இருக்க அவரால் முடியவில்லை. தன் பிள்ளை போல வளர்த்த மசோதாவை நடுவழியில் விட்டுவிட்டு எழுந்து வந்தது அவருக்கு எவ்வளவு கனத்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதே ஆண்டுதான் அவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பொட்டுக்கட்டுச் சூழலிலிருந்து தப்பி வந்த மூன்று பெண்கள். போக இடமில்லை. நீங்கள்தானே எங்களுக்காகப் பேசினீர்கள், எங்களைப் படிக்க வையுங்கள் என்று நின்றார்கள். நகரத்தின் விடுதிகளில் அவர்களைச் சேர்க்க முயன்றார். பிறப்பைக் கேட்டதும் இடம் மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பை நினைத்துப் பாருங்கள். பொட்டுக் கட்டாதே என்று சபையில் தீர்மானம் போடும் ஊர், பொட்டைத் தூக்கியெறிந்துவிட்டு வந்த பெண்ணுக்கு ஒரு பாய் விரிக்க இடம் தரவில்லை.

முத்துலட்சுமி அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம். சாதி, குலம் கேட்காத வீடு. பிற்பாடு அடையாற்றில் நிலைத்து, பள்ளியும் ஆசிரியப் பயிற்சியும் தொழிற்பயிற்சியுமாக விரிந்தது. அங்கிருந்து ஆசிரியைகளும் செவிலியர்களும் வெளிவந்தார்கள்.

இதை ஒரு தர்ம காரியம் என்று தனியே எடுத்துவைத்துப் பாராட்டுவது வழக்கம். நான் அதை அவருடைய சட்டமன்றப் பணியின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன். பதவியைத் துறந்த பின் வாசலுக்கு வந்த மனு அது. லெட்டர்பேடும் இல்லை, கையெழுத்துக்கு மதிப்பும் இல்லை. இருந்தது ஒரு வீடு, அதைத் திறந்துவிட்டார். சட்டம் ஒரு பெண்ணை வெளியே வரச் சொல்கிறதென்றால், வெளியே வந்தவள் அன்றிரவு எங்கே படுப்பாள் என்பதையும் சட்டம் எழுதியவர் யோசித்தாக வேண்டும் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

வீட்டுத் துக்கத்தையும் அவர் இப்படித்தான் பொதுக் காரியமாக மாற்றினார். 1923இல் தங்கை புற்றுநோயில் இறந்தார். சீதபேதி என்று தவறாக நினைத்து மருத்துவம் செய்து காலம் கடந்திருந்தது. அந்த மரணத்தை முப்பது ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து, கதவு கதவாகத் தட்டிப் பணம் திரட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தொடக்கத்தில் 12 படுக்கைகள். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை நாடறிந்த நிறுவனமாக வளர்த்தார்கள்.

பொட்டுக்கட்டைத் தடைசெய்யும் சட்டம் கடைசியில் 1947இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவைக் காலத்தில் நிறைவேறியது. 1927இல் மாகாண முதல்வராக இருந்த டாக்டர் சுப்பராயன் அந்த அமைச்சரவையிலும் இருந்தார். தீர்மானம் கொண்டுவந்தவர் மட்டும் சபையில் இல்லை. அப்போது அவருக்கு 61 வயது. நின்றுபோன மசோதாவுக்கும் நிறைவேறிய சட்டத்துக்கும் இடையே பதினேழு ஆண்டுகள். அந்தப் பதினேழு ஆண்டுகளில் எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டப்பட்டிருக்கும் என்ற எண்ணம், சட்டத்தைக் கொண்டாட விடாமல் செய்கிறது.

இன்று அவர் பெயரில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தவணை தவணையாக 18,000 ரூபாய் அளவுக்கு உதவி கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா, “முத்துலட்சுமி பணம் வந்துடுச்சா?” என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். யார் அந்த முத்துலட்சுமி என்று அந்தக் கர்ப்பிணிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பரவாயில்லை. பெயர் புழங்குகிறது, பணம் சேருகிறது.

நம் உறுப்பினர்களிடம் இதைக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. ஒவ்வோர் ஆண்டும் உங்கள் ஆபீஸுக்கு வரும் மனுக்களை வகைவாரியாகப் பிரித்து எண்ணுங்கள். எந்த மனு திரும்பத் திரும்ப வருகிறதோ, அதன் பின்னால் எந்த விதி இருக்கிறது என்று பாருங்கள். அந்த விதியைப் பற்றிப் பேரவையில் கேள்வி நேரத்தில் கேளுங்கள், மானியக் கோரிக்கையில் பேசுங்கள், திருத்தம் கொடுங்கள். 2022இல் ஒவ்வோர் உறுப்பினரும் தன் தொகுதிக்கு முக்கியமான பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு அனுப்பும்படி அரசு கேட்டது. பாலமும் சாலையும் பேருந்து நிலையமும் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். அதே அக்கறையோடு, மாற்ற வேண்டிய பத்து விதிகள் என்று ஒரு பட்டியல் அந்த வேப்பமரத்தடியிலிருந்தே எழுத முடியும். முதல் வரியில் எதை எழுதுவது என்று என் பக்கத்தில் இருந்த அம்மாவைக் கேட்டாலே போதும்.

அந்த அம்மாவின் முறை பத்தே முக்காலுக்கு வந்தது. உறுப்பினர் மனுவைப் படித்தார், பொறுமையாகவே படித்தார். உதவியாளரிடம் இரண்டு வார்த்தை சொன்னார். ஐந்து நிமிடத்தில் கடிதம் தயாரானது. மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு தாசில்தாருக்கு எழுதியிருந்தது. கீழே பச்சை மையில் கையெழுத்து. அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மடிக்காமல், கவருக்குள் மற்றத் தாள்களுக்கு மேலே வைத்தார்.

வாசல் தாண்டி வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்: “தாலுகா ஆபீஸைப் புது இடத்துக்கு மாத்திட்டாங்களாமே கண்ணு, அங்க எந்த பஸ்ஸு போவும்?”